பரணிலிருந்து இறங்கிய ஆம்ப்ளி

பழைய ஆம்ப்ளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலும் இரண்டு கட்சி. "உள்ளே இருக்கிற எல்லாத்தையும் மாத்திடுங்க, செலவானா பரவாயில்லை" என்பது ஒரு கட்சி. "எதையும் தொடாதீங்க, ஒரிஜினல் போயிடும், சத்தத்தை மட்டும் சரி பண்ணுங்க" என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு என்பது என் கட்சி. அதை விளக்க ஒரு டீ போதாது, இரண்டு வேண்டும். பங்காருபேட்டை ஜங்ஷனுக்கு வெளியே டீக்குக் குறைச்சல் இல்லை. மாரிக்குப்பம் வண்டிக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. உட்காருங்கள்.

இப்போது மேசைமேல் இருக்கும் செட்டையே எடுத்துக்கொள்வோம். ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளி. எண்பதுகளின் நடுவில் குவைத்திலிருந்து ஒருவர் தன் தம்பிக்காகக் கொண்டுவந்தது. தம்பிக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை, சாம்பியன் ரீஃப் பக்கம் லைன் வீட்டில் குடித்தனம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். குடும்பம் பங்காருபேட்டைக்கு இறங்கியது, ஆம்ப்ளி பரணுக்கு ஏறியது. மகன் இப்போது, இந்த ஊர்க்காரர்கள் பலரைப் போல, தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார். அப்பா கேட்ட பெட்டியில் பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. பிராண்டு பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதன் பக்தர்களும் எதிர்ப் பிராண்டின் பக்தர்களும் சேர்ந்து சண்டைக்கு வருவார்கள். அந்தக் காலத்து ஜப்பான் செட்டுகள் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒரே குடும்பம்தான்.

"இன்னாண்ணா, போர்டையே கழட்டிட்டு புதுசு போட்டுடலாமா?"

"அது கிடக்கட்டும் தம்பி. வீட்டுல பிளக்குல சொருகிப் பாத்தியா?"

"பாத்தேண்ணா. உம்ம்ம்னு ஒரே சத்தம். லெஃப்ட்ல கரகரன்னுது. பயந்துபோய் ஆஃப் பண்ணிட்டேன்."

பயந்தது நல்லதாயிற்று. அந்த 'உம்' எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் பழைய ஆம்ப்ளியின் வியாதிகளில் பாதி புரிந்த மாதிரி. அது மின்சாரத்தில் தொடங்குகிற கதை. மின்சாரத்தைப் பற்றிப் பேச இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 1902-ஆம் ஆண்டு, சிவசமுத்திரத்தில் காவேரி விழுகிற இடத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, முதலில் கொண்டுவந்தது கோலார் தங்கவயலுக்குத்தான். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துத் திட்டம். பெங்களூர்க்காரர்கள் தெருவிளக்கைப் பார்க்க 1905 வரை காத்திருந்தார்கள். அன்றைக்கு சிவசமுத்திரத்தில் உற்பத்தியானது 25 சைக்கிள் மின்சாரம். இன்று நம் வீட்டுச் சுவரில் வருவது 50 சைக்கிள். அதாவது விநாடிக்கு 50 தடவை போய்த் திரும்புகிற கரண்ட்.

ஆம்ப்ளிக்குப் போய்வரும் கரண்ட் ஆகாது. ஒரே பக்கமாக, ஒரே சீராக நிற்கும் டி.சி. வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டைத் தேவையான அளவுக்கு இறக்குகிறது. நான்கு டையோடு சேர்ந்த பிரிட்ஜ், திரும்பி வரும் பாதியையும் புரட்டி ஒரே திசைக்குத் தள்ளுகிறது. ஆனால் வெளியே வருவது சீரான டி.சி. இல்லை. விநாடிக்கு நூறு தடவை ஏறி, நூறு தடவை சுழிக்கு இறங்குகிற கரண்ட். இதை நிரவுவதற்குத்தான் உள்ளே பெரிய டப்பா அளவில் இரண்டு ஃபில்டர் கண்டன்சர் நிற்கின்றன. கோலார் ஜில்லாக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். குழாயில் தண்ணீர் வரும்போதுதான் வரும், வீட்டுக்கு எப்போதும் வேண்டும், நடுவில் சம்ப் இருக்கிறது. கண்டன்சர்தான் சம்ப். கரண்ட் உச்சியில் இருக்கும்போது நிரப்பிக்கொள்கிறது, இறங்கும்போது கொடுக்கிறது.

கணக்கும் பெரிதில்லை. ஆம்ப்ளி 2 ஆம்பியர் இழுக்கிறது, ஃபில்டர் 10,000 எம்.எஃப்.டி., அதாவது மைக்ரோஃபாரட், என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிரப்பலுக்கு இடையே, அதாவது விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில், வோல்ட்டேஜ் ஏறக்குறைய 2 வோல்ட் இறங்கும். 40 வோல்ட் சப்ளையில் 2 வோல்ட் ஆட்டத்தை சர்க்யூட் பொறுத்துக்கொள்ளும், காதுக்குத் தெரியாது. அதே கண்டன்சர் காய்ந்துபோய் 2,000 எம்.எஃப்.டி.தான் மிச்சம் என்றால் ஆட்டம் 10 வோல்ட். அதுதான் ஸ்பீக்கரில் 'உம்' என்று நூறு ஹெர்ட்ஸில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த 25 சைக்கிளே இன்றும் நீடித்திருந்தால் நிரப்பலுக்கு இடையிலுள்ள நேரம் இரட்டிப்பு, அதே சுத்தத்துக்குக் கண்டன்சரும் இரட்டிப்பு, டிரான்ஸ்ஃபார்மர் இரும்பும் ஏறக்குறைய இரட்டிப்பு. இந்தப் பெட்டியை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு ரயிலேற முடியாது.

வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் இந்த 'உம்', அதாவது ஹம், அதே அளவில் இருந்தால் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். வால்யூமோடு ஏறி இறங்கினால் கோளாறு முன்னால் எங்கோ இருக்கிறது: ஷீல்டு விட்டுப்போன கேபிள், எர்த் சரியில்லாத டர்ன்டேபிள், அப்படி ஏதாவது. இந்தச் சின்னச் சோதனை செய்யாமல் ஃபில்டரை மாற்றிவிட்டு, "மாத்தியும் போகலையே" என்று தலையைச் சொறிகிற மெக்கானிக்குகள் உண்டு.

சரி, கண்டன்சர் ஏன் காய்கிறது? ஆம்ப்ளிக்குள் இருக்கும் பாகங்களில் ஈரம் இருப்பது இதற்குள் மட்டும்தான். மெல்லிய அலுமினியத் தகடு இரண்டு, நடுவில் எலக்ட்ரோலைட் ஊறிய காகிதம், மூன்றையும் சேர்த்துச் சுருட்டி அலுமினிய டப்பாவில் அடைத்து, அடியில் ரப்பர் வைத்து மூடியிருக்கிறார்கள். ஒரு தகட்டின்மேல் ஆக்ஸைடு படலம் ஒன்று இருக்கிறது. தாங்கவேண்டிய ஒவ்வொரு வோல்ட்டுக்கும் சுமார் ஒன்றரை நானோமீட்டர் தடிமன் என்ற கணக்கு. 50 வோல்ட் கண்டன்சரில் அந்தப் படலம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் கைக்கு அடங்கும் டப்பாவில் 10,000 எம்.எஃப்.டி. அடங்குகிறது. எலக்ட்ரோலைட் ரப்பர் வழியாக வருடக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஈரம் குறையக் குறைய கொள்ளளவு குறையும், உள் எதிர்ப்பு ஏறும். இந்த உள் எதிர்ப்பைத்தான் இ.எஸ்.ஆர். மீட்டர் அளக்கிறது.

எவ்வளவு நாள் தாங்கும்? டப்பாமேலேயே போட்டிருக்கும்: 85 டிகிரி. அந்தக் காலத்து சாதாரண கண்டன்சர் 85 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் நான்கு தடவை இரட்டிக்க வேண்டும்: 32,000 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் பாட்டுக் கேட்கிற வீட்டில் அது கிட்டத்தட்ட 22 வருடம். கோலார் பீடபூமியின் குளிர்ச்சியில் இன்னும் கொஞ்சம் கூடும், வேலூர் வெயிலில் குறையும். இப்போது வரும் நல்ல கண்டன்சர்கள் 105 டிகிரிக்குச் செய்தவை. அதே பெட்டிக்குள் அவற்றுக்கு அந்த ஒரு காரணத்தாலேயே நாலு மடங்கு ஆயுள்.

"ஆனா இது பரண்ல சும்மாதானே இருந்துச்சுண்ணா?"

சும்மா இருந்ததுதான் இன்னொரு வியாதி. அந்த ஆக்ஸைடு படலம் வோல்ட்டேஜ் விழுந்துகொண்டிருந்தால்தான் உருப்படியாக இருக்கும். வருடக்கணக்கில் கரண்ட் காட்டாமல் வைத்தால் அங்கங்கே கரைந்து பலவீனப்படும். அந்த நிலையில் திடீரென்று முழு வோல்ட்டேஜைக் கொடுத்தால் கண்டன்சர் வழியாகவே கரண்ட் கசிந்து, சூடேறி, உள்ளே வாயு கட்டி, வெடிக்கவும் கூடும். ஆகவே பரணிலிருந்து இறக்கிய எந்தச் செட்டையும் நேராகப் பிளக்கில் சொருகக் கூடாது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஒரு பல்பை சீரிஸில் போட்டுக் கரண்ட் கொடுக்க வேண்டும். பழைய குண்டு பல்பு, 60 வாட் அல்லது 100 வாட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை சூடேற ஏற எதிர்ப்பு ஏறுகிற குணம் குண்டு பல்புக்குத்தான் இருக்கிறது. அதனால்தான் தெருவில் எல்லோரும் தூக்கிப்போட்டபோது நான் ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கினால் நல்ல சகுனம். ஃபில்டர் நிரம்பிவிட்டது, உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உடனே அணையுங்கள்: அவுட்புட் டிரான்சிஸ்டரோ, பிரிட்ஜோ, கண்டன்சரோ ஷார்ட். பல்பு இல்லாமல் சொருகியிருந்தால் அந்தக் கரண்ட் எல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போயிருக்கும். பல்பு நடுவில் இருக்கும்போது ஸ்பீக்கர் ரிலே 'டக்' என்று விழாமல் போகலாம். வோல்ட்டேஜ் போதாததுதான் காரணம், பயப்பட வேண்டாம். கையில் டிம்மர்ஸ்டாட் இருப்பவர்கள் இன்னும் நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். நம் செட்டில் பல்பு மங்கியது. மங்கியதே தவிர அணையவில்லை, மினுக்கென்று ஒரு செம்மை நின்றது. எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

பெட்டியைத் திறப்பதற்குமுன் ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் ஃபில்டர் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். சிலர் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்க ஷார்ட் பண்ணுவார்கள். சினிமாவுக்கு நன்றாக இருக்கும், டெர்மினலுக்கும் போர்டுக்கும் கெடுதி. 100 ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை இரண்டு முனையிலும் சில விநாடி வைத்துப் பிடித்தால் அமைதியாக இறங்கிவிடும். பிறகு மீட்டர் வைத்து நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். டிரான்சிஸ்டர் செட்டில் 40, 50 வோல்ட்தான். வால்வு செட்டில் 300, 400 வோல்ட் நிற்கும், ஆளைக் கொல்லும். பழக்கமில்லாதவர்கள் வால்வு ஆம்ப்ளியைத் திறக்கவே வேண்டாம்.

திறந்தாயிற்று. முதலில் கண்ணில் பட்டது கண்டன்சர் இல்லை, தூசி. தங்கவயல் வீடுகளிலிருந்து வரும் செட்டில் தூசி என்றால் தனி ரகம். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய பொடி அங்கே மூன்று கோடி டன்னுக்கு மேல் சைனைடு மேடுகளாக நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்த வெளிர் பொடி வீட்டுக்குள் புகாத இடமில்லை. அவ்வளவு நயமான கல் பொடி வால்யூம் கண்ட்ரோலுக்குள் இறங்கினால் கரித்தடத்தைத் தேய்த்துவிடும். மகன் சொன்ன இடது பக்கக் கரகரப்பில் ஒரு பங்கு இதுதான். பிரஷ்ஷும் புளோயரும் வைத்து வெளியே எடுத்து, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிறகு கண்ட்ரோலுக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை முப்பது நாற்பது தடவை முழுக்கத் திருப்ப வேண்டும். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை இதில் அடிக்காதீர்கள், தற்காலிகமாகச் சரியாகி அடுத்த தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தூசி போனதும் ஃபில்டர் கண்டன்சர்களின் காலடியில் பழுப்பாக ஏதோ வழிந்த மாதிரி தெரிந்தது. "லீக் ஆயிருக்கு பாருண்ணா" என்றார் மகன். பலரும் அப்படித்தான் நினைப்பார்கள். அது கண்டன்சரிலிருந்து வழிந்ததில்லை, ஃபேக்டரியில் வைத்த கோந்து. கப்பலிலும் லாரியிலும் ஆடாமல் இருக்க எழுபது, எண்பதுகளின் ஜப்பான் செட்டுகள் பலவற்றில் பெரிய பாகங்களை வெளிர் மஞ்சள் கோந்தால் ஒட்டினார்கள். வருடங்கள் போய், சூடு பட்டு, அது பழுப்பாகிக் கருப்பாகும். அப்போது இரண்டு வேலை செய்கிறது: ஈரத்தை இழுத்துக் கரண்டைக் கடத்துகிறது, பக்கத்திலிருக்கும் டையோடு, ரெசிஸ்டன்ஸ் கால்களை அரிக்கிறது. பல்பில் நின்ற செம்மைக்கு எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். மூங்கில் குச்சியால் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். அடியில் ஒரு டையோடின் கால் பச்சை பூத்து, தொட்டதும் ஒடிந்தது. தின்னர் ஊற்றி அவசரப்பட்டால் போர்டில் அச்சிட்ட பாக எண்களே அழிந்துவிடும். பிறகு எது எங்கே என்று நீங்களே தேட வேண்டும்.

கண்டன்சர் மாற்றுவதில் கைவேலைதான் பெரிது. போட்டோ எடுங்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அந்தக் காலத்துப் பழுப்பு போர்டு சூட்டுக்குச் சட்டென்று தடம் பெயரும். 25 வாட் சோல்ட்ரான் போதும். பழைய ஈயம் உருகமாட்டேன் என்றால் அழுத்தாதீர்கள், அதன்மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்தால் இரண்டும் சேர்ந்து இளகும், அப்போது சக்கரால் இழுக்கலாம். எம்.எஃப்.டி. அதே அளவு, கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை. வோல்ட்டேஜ் அதே அல்லது ஒரு படி மேல்: 50 இருந்த இடத்தில் 63. பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். 'பி.பி.' அல்லது 'என்.பி.' என்று போட்டிருந்தால் அது பிளஸ் மைனஸ் இல்லாத ரகம், அதே ரகமே வேண்டும். "பெருசா போட்டா பாஸ் ஏறும்" என்று 10,000 இருந்த இடத்தில் 40,000 போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாஸ் ஏறாது. சுவிட்சைப் போடும் நொடியில் பிரிட்ஜ் மேல் விழுகிற அடிதான் ஏறும்.

எங்கே வாங்குவது? பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு, இரண்டு இடத்திலும் கிடைக்காதது இல்லை, ஏமாறுவதற்கும் குறைவில்லை. பெரிய டப்பாவுக்குள் சின்ன கண்டன்சரை வைத்து, நல்ல கம்பெனியின் உறையைப் போர்த்திய சரக்கு வெகு காலமாகச் சுற்றுகிறது. கையில் வைத்துப் பாருங்கள், அளவுக்கு எடை இல்லையென்றால் சந்தேகம். எல்.சி.ஆர். மீட்டர் கையோடு இருந்தால் கடைக்காரர் முகம் மாறுவதையும் பார்க்கலாம். இன்னொரு பொறி 'பழைய ஸ்டாக், ஒரிஜினல்' என்ற பேச்சு. டிரான்சிஸ்டருக்கு அது நல்ல செய்தி. கண்டன்சருக்குக் கெட்ட செய்தி, 1988-இல் செய்து அலமாரியில் கிடந்ததும் நீங்கள் கழற்றிப்போட்டதும் ஒரே வயது. டிஸ்ட்ரிபியூட்டரிடம் பில்லோடு வாங்குவதுதான் சரி. நம் பக்கத்திலேயே கண்ணூரில் கெல்ட்ரான் வெகு காலமாகக் கண்டன்சர் செய்துவருகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: எதைத் தொடக் கூடாது. எலக்ட்ரோலைட்டிக் தவிர மற்ற கண்டன்சர்களில் ஈரம் கிடையாது. செராமிக், மைக்கா, பாலிஸ்டைரீன், பாலியெஸ்டர் எல்லாம் அளந்தால் பெரும்பாலும் புதிது மாதிரியே நிற்கும். அவற்றை மாற்றுவது காசுக்கும் போர்டுக்கும் கேடு. விதிவிலக்கு வால்வு செட்டுகளின் மெழுகுக் காகிதக் கண்டன்சர், அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். ரெசிஸ்டன்ஸ்களை அளங்கள், விலகியதை மட்டும் மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மரைத் தொடவே வேண்டாம். அவுட்புட் டிரான்சிஸ்டர் நன்றாக இருந்தால் அதுதான் பெட்டிக்குள் இருக்கும் புதையல். இன்று அந்த நம்பரில் கிடைப்பதில் நிறைய போலி. 2என்3055-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஜாலஹள்ளி பெல் கம்பெனி செய்தது, ஊரூராக மைக்செட்டில் உழைத்தது. இன்று அந்த நம்பரில் விற்பதை உடைத்துப் பார்த்தால் பெரிய இரும்புத் தொப்பிக்குள் மிளகளவு சிலிக்கான் உட்கார்ந்திருப்பதும் உண்டு. ஆகவே பழையதை மாற்றாமல், ஹீட் சிங்க்கில் சுண்ணாம்பாய் இறுகிப்போன பேஸ்ட்டை மட்டும் துடைத்துப் புதிதாகத் தடவி, மைக்கா ஷீட் கிழியாமல் திரும்ப முறுக்குங்கள்.

சின்ன டிரான்சிஸ்டர் விஷயம் வேறு. வால்யூம் சுழியில் இருக்கும்போதும் கரகரப்பு வந்துகொண்டே இருந்தால் தூசியைக் குறை சொல்லிப் பயனில்லை. கால் கறுத்துப்போன ஜப்பான் டிரான்சிஸ்டர்கள் சில இப்படி இரைச்சல் போடும். நம் செட்டின் இடது பக்கத்தில் அப்படி ஒரு ஜோடி இருந்தது. மாற்றும்போது இந்த ஊர் மெக்கானிக்குகள் வழக்கமாக விழுகிற குழி ஒன்று: கையில் இருக்கிறதே என்று சி945 இடத்தில் பிசி547 போடுவது. குணம் ஏறக்குறைய ஒன்றுதான், கால் வரிசை வேறு. தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, சி945-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். அப்படியே சொருகினால் அவுட்புட்டே பலியாகலாம். ஜோடியாக வேலை செய்கிற இடத்தில் இரண்டையும் மீட்டரில் அளந்து, கெயின் ஒத்த ஜோடியாகப் போடுங்கள்.

ரிலேயைப் பற்றி ஒரு வரி. ஒரு பக்கம் பாட்டு வந்து வந்து போனால், சத்தம் கூட்டினால் திரும்ப வந்தால், கான்டாக்ட் கறுத்திருக்கிறது. உப்புத்தாள் வேண்டாம், புது ரிலே போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி பல்பு. பல்பு மங்கி, அணைகிற அளவுக்கு வந்த பிறகுதான் நேர் கரண்ட். ஸ்பீக்கர் டெர்மினலில் டி.சி. அளங்கள், 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், காயில் எரியும். பிறகு பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் ஓடுகிற சிறு கரண்ட். அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் இருக்கும் 0.22 ஓம் ரெசிஸ்டன்ஸில் 10 மில்லி வோல்ட் என்றால் 45 மில்லி ஆம்பியர் போகிறது என்று கணக்கு. சர்வீஸ் மேனுவல் என்ன சொல்கிறதோ அதற்கு பிரீசெட்டைத் திருப்புங்கள். சூடேற ஏற அளவு மாறும், அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். இந்த பிரீசெட்டே பழசாகி நடுவில் தொடர்பு விட்டால் பயாஸ் எகிறி அவுட்புட் போய்விடும். அதையும் அப்போதே மாற்றிவிடுவது என் வழக்கம். மூன்று ரூபாய் பாகம் முப்பது வருட டிரான்சிஸ்டரைக் காவு வாங்க வேண்டாம்.

சோதனைக்கு நான் வைத்திருப்பது 1978-இல் வந்த 'ப்ரியா' படத்து ரெக்கார்டு. இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தது. இடது வலது மாறியிருந்தாலோ, ஒரு பக்கம் குறைந்திருந்தாலோ முதல் நிமிடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். நம் செட்டில் இரண்டு பக்கமும் சமமாக வந்தது. 'உம்' போயிருந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் லேசான 'ஸ்ஸ்' மட்டும். அந்தக் காலத்து செட்டுக்கு அது நியாயமான அளவு.

பாகங்களுக்கான செலவு பெரிதில்லை. நேரம்தான் செலவு, கூலியும் நேரத்துக்குத்தான். முதலில் கேட்டாரே, போர்டையே மாற்றிவிடலாமா என்று, அதற்கு இப்போது பதில். அவுட்புட்டும் போய், போர்டும் கருகி, அசல் பாகம் கிடைக்காது என்றால் புது போர்டு போடுவதில் பாவமில்லை. டிரான்ஸ்ஃபார்மரும் கேபினெட்டும் ஹீட் சிங்க்கும் உழைக்கட்டும். ஆனால் அதைப் பழைய பெயரில் பழைய விலைக்கு விற்பது மோசடி. நம் செட்டில் போனது ஈரமுள்ள பாகங்களும், ஒரு டையோடும், ஒரு ஜோடி டிரான்சிஸ்டரும், ரிலேயும்தான். நூற்றுக்கணக்கான பாகத்தில் மற்ற எல்லாம் அப்படியே இருக்கின்றன.

வீட்டில் செட் இல்லாமல் வெளியே பழசு வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன், வண்டி வந்துவிட்டது. ஹம் இருக்கிறது, கரகரக்கிறது, ஒரு பக்கம் வரவில்லை என்று விலை குறைத்துத் தந்தால் தாராளமாக வாங்குங்கள், எல்லாம் சரியாகும். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் கருகிய வாடை வந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் போன பெட்டியைச் சரிபண்ணுகிற செலவில் நல்ல செட்டாக வேறொன்று வாங்கிவிடலாம்.